தூணுக்குள் ஒரு கடிதம்

கேள்வி: லண்டன் நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடத்தில் ஒரு கட்டடமே சைன்ஸ்பரி என்ற மளிகைக்கடைக் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதாம். அதை மெச்சுகிறோம். நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்து இறக்கையில் பெயர் எழுதினால் மட்டும் சிரிக்கிறோமே, ஏன்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சிரிப்பது தப்பு. காசு போட்டவர் பெயர் போட்டுக்கொள்ளட்டும். கொடுத்த பிறகு கையை எடுத்துக்கொள்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

1869-ல் ஜான் ஜேம்ஸ் சைன்ஸ்பரியும் அவர் மனைவி மேரி ஆனும் லண்டனின் ட்ரூரி லேன் தெருவில் பால், வெண்ணெய், முட்டை விற்ற சின்னக் கடைதான் அந்தக் குடும்பத்தின் தொடக்கம். 1998-ல் டேவிட் சைன்ஸ்பரி தலைவர் பதவியை விட்டபோது குடும்பத்தின் தலைமை முடிந்தது. ஆனால் அவர் 1967-லேயே, கடைக்குத் தலைவராவதற்கு ரொம்ப முன்னால், காட்ஸ்பி அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். பயிர்கள் நோயை எப்படித் தாங்குகின்றன என்று ஆராயும் நார்விச் ஆய்வுக்கூடத்துக்கு இன்றும் அங்கிருந்து பணம் போகிறது.

நீங்கள் சொல்லும் கட்டடம் 1991-ல் திறந்தது. அதே குடும்பத்தில் பின்னால் வந்த ஜான், சைமன், டிம் என்ற மூன்று சகோதரர்களின் பணம். முன்கூடத்தில் எதையும் தாங்காத இரண்டு வெற்றுத் தூண்களை வைத்தார் கட்டடக் கலைஞர். ஜானுக்கு அவை துளியும் பிடிக்கவில்லை. இருந்தும் தூண்கள் எழும்பின. அவர் என்ன செய்தார் தெரியுமா? கடையின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் டைப் செய்து, 1990 ஜூலை 26 என்று தேதியிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டிக்கொண்டிருந்த தூணுக்குள்ளேயே வைத்துவிட்டார். 2023-ல் தூணை இடித்தவர்கள் கையில் அது கிடைத்தது. இந்தத் தூண்கள் தவறு, நீங்கள் இடிப்பதில் பணம் கொடுத்தவர்களில் ஒருவனுக்குப் பெரிய சந்தோஷம் என்று எழுதியிருந்தார். அதைக் காண அவர் இல்லை, 2022-ல் காலமாகிவிட்டார்.

பணம் தன்னுடையது, கருத்தும் உண்டு. ஆனாலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அவர் நிற்கவில்லை. அந்தக் குணத்துக்கு நான் கைகூப்புகிறேன்.

இப்போது நம் பக்கம் வருவோம். கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதி அருகே ஒரு தமிழ்ப் பள்ளியில் கண்ணாடி அலமாரி நிறையத் தமிழ்க் கதைப்புத்தகங்கள். மேலே சிவப்பு எழுத்தில் கடைப் பெயர். கண்ணாடி முழுக்கப் பிள்ளைகளின் விரல் தடம். பூட்டியிருந்தது. சாவி எங்கே என்றேன். கடைக் கல்லாவில் இருக்கிறதாம். வேண்டும்போது டீச்சர் ஆள் அனுப்பி வாங்கிவர வேண்டுமாம். வாங்கிய அன்றைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையே இன்னும் பல புத்தகங்களில் கிழியவில்லை. ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் அவர்கள்!

அந்தக் கடைக்காரருக்கு இந்த இதழை நானே அனுப்புகிறேன். அண்ணாச்சி, உங்கள் பெயர் அலமாரியில் அப்படியே இருக்கட்டும். சாவியை மட்டும் டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.