இடது காது ஊமையான அம்பிளிபயர்

மதிப்புக்குரிய ஐயா,

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 12ஏயூ7 வால்வுகள் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்) வைத்து ஹெட்போன் அம்பிளிபயர் ஒன்றைச் செய்தேன். ஒரு மாதம் நன்றாகப் பாடியது. இப்போது இடப்பக்கம் ஊமை. இரண்டு வால்வுகளும் எரிகின்றன. கொழும்பிலிருந்து புது வால்வுகள் எடுப்பித்தேன், கெப்பாசிட்டர்களை மாற்றினேன், எல்லா இணைப்புகளுக்கும் திரும்ப ஈயம் வைத்தேன். பயனில்லை. அடுத்து எதை மாற்றலாம்? வால்வின் ஒலி உண்மையிலேயே ரான்சிஸ்ரரைவிட இனிமையானதா?

அன்புள்ள தம்பிக்கு,

வால்வின் இனிமையை விட்டுவிடுவோம்; ஒரு பக்கம் மட்டும் பாடும் பெட்டியை வைத்துக்கொண்டு அதைப் பேசுவது அழகல்ல. 'அடுத்து எதை மாற்றலாம்' என்ற சொற்களில்தான் நான் நின்றுவிட்டேன். போன கிழமை எங்கள் கிணற்று மோட்டரைப் பார்க்க வந்த பொடியனும், மூடியைக் கழற்றுமுன்பே அதைத்தான் கேட்டான்.

1997இல் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து வன்னியிலுள்ள மல்லாவியில் இருந்தோம். மின்சாரம் இல்லை; பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தரும் 6 வோல்ற்றை டயோட்டுகளால் நேராக்கித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். றேடியோ திருத்தும் அண்ணை ஒருவர் பக்கத்துக் கொட்டிலில் இருந்தார்; அவருக்குச் சைக்கிள் சுற்றுவது என் வேலை. புது ஈயம் கிடையாது. பழுதான போர்ட்டுகளிலிருந்து உருக்கியெடுத்த ஈயமணிகளை ரின்பால் பேணிக்குள் சேர்த்து வைத்திருப்பார். ஒரு பாகத்தின் காலைக் கழற்றித் திரும்பப் பொருத்தினால் அந்தப் பேணியில் குறையும் என்பதால், ஈயம் உருக்கும் செப்புக் கம்பியைத் தணலில் வைக்குமுன்பே பிழை இன்ன இடம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை மணித்தியாலம் விரலால் தட்டுவார், காதை வைப்பார், முகர்ந்தும் பார்ப்பார். என் தோள் கழன்றுவிடும். "வேகத்தைக் குறைக்காதை, இப்பதான் இரையுது" என்பார்.

நீங்களோ மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றியிருக்கிறீர்கள். பழைய பிழை இன்னும் இருக்கிறதா, அல்லது அது போய் உங்கள் சோல்டர் அயன் புதிதாக ஒன்றை வைத்துவிட்டதா என்று இனி யார் சொல்வது? இருந்த வால்வுகள் இரண்டையும் இடம் மாற்றிக் குத்தியிருந்தால், ஊமை வலப்பக்கம் போகிறதா என்று பார்த்தே, கொழும்புக்குக் காசு அனுப்பாமல், குற்றம் வால்வினுடையதா என்று அறிந்திருக்கலாம். எரிகிறது என்பது இழை சூடாகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

இனி எதையும் மாற்றாதீர்கள். விலை குறைந்த இயர்போன் ஒன்றைச் செருகி, காதில் மாட்டாமல் அருகே பிடித்துக்கொண்டு, இடது வால்வின் கண்ணாடியைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் வால்விலிருந்து காது வரை உயிர் இருக்கிறது. பிழை அதற்கு முன்னால், ஒலியளவுக் குமிழிலோ உள்வரும் வயரிலோ இருக்கும். வலப்பக்கம் கேட்டு இடப்பக்கம் கேட்காவிட்டால் மீற்றரை எடுங்கள். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இரண்டு பாதிகள் உண்டு. வால்வின் சொக்கற்றை அடியிலிருந்து பார்த்து, கால்களுக்கிடையிலுள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணினால், 1உம் 6உம் அவற்றின் பிளேற்றுகள் (இலத்திரன் போய்ச் சேரும் தகடுகள்), 3உம் 8உம் கதோட்டுகள் (இலத்திரன் புறப்படும் இடங்கள்). இந்த நான்கையும் இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். சுகமாக இருக்கும் வலப்பக்கத்தைவிட நல்ல வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது. வலப்பக்கம் இறங்கி நிற்கும் ஒரு பிளேற், இடப்பக்கம் மின்வழங்கியின் முழு வோல்ற்றிலும் நின்றால், அந்தப் பாதியில் ஓட்டமே இல்லை: கதோட்டு எதிர்ப்பியின் இணைப்பு விட்டிருக்கும், அல்லது சொக்கற் காலைப் பிடிக்கவில்லை. பிளேற்றில் ஒன்றுமே இல்லையென்றால் அதற்கு மேலுள்ள எதிர்ப்பியைப் பாருங்கள். எல்லாம் ஒத்திருந்தால் வெளிவரும் கெப்பாசிட்டரும் ஹெட்போன் சொக்கற்றும்தான் மிச்சம்.

எத்தனை வோல்ற் என்று நீங்கள் எழுதவில்லை. 100ஐத் தாண்டும் என்றே எண்ணி, கறுப்பு முனையைச் சட்டகத்தில் கவ்வவிட்டு, ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்னை வைத்திருக்கும். ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே கை வைக்கவே கூடாது.

எட்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை அந்தச் சோல்டர் அயனை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.