பாங்காக்கில் தனியாக

கேள்வி: முதன்முறையாகத் தனியாக பாங்காக் போகிறேன். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது? எங்கே ஏமாற்றுவார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: சுவர்ணபூமி விமான நிலையத்தில் அடித்தளத்துக்குப் போனால் ஊருக்குள் போகும் ரயில். பாயா தாய் நிலையம் வரை 45 பாட் (தாய்லாந்து நாணயம்), அரை மணி நேரம். அங்கேயே ஊருக்குள் ஓடும் பிடிஎஸ் மேம்பால ரயிலுக்கு மாறலாம். நள்ளிரவோடு ரயில் நின்றுவிடும். உங்கள் விமானம் அதன்பின் இறங்கினால், முதல் தளத்து இயந்திரத்தில் சீட்டு எடுத்து டாக்ஸி பிடியுங்கள். மீட்டருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் சுங்கமும் கேட்பது முறையானதுதான். சீட்டை மட்டும் டிரைவரிடம் கொடுத்துவிடாதீர்கள். புகார் செய்ய அதுதான் ஆதாரம்.

ஏமாற்று நடப்பது, பயணிகள் பார்க்கப் போகும் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) பக்கம். நன்றாக உடுத்திய ஒருவர், "இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள்" என்பார். பக்கத்திலேயே ஒரு டுக்டுக் (நம்மூர் ஆட்டோ மாதிரி), ஊர் சுற்றிக்காட்ட வெறும் 20 பாட் என்று நிற்கும். அது போய் நிற்பது ரத்தினக் கடையில், டிரைவருக்குக் கமிஷன். பேச்சே கொடுக்காமல் வாசல்வரை நடந்து நீங்களே பாருங்கள். டிக்கெட் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை, 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போர்த்திச் சமாளிக்க முடியாது. கை வைத்த சுடிதார் போதும்.

ஏடிஎம் திரையில் 'இந்திய ரூபாய்க்கு மாற்றவா?' என்று வந்தால் மறுத்துவிடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் மோசம்.