அலபாமாவுக்குப் பாடப் போகிறேன்

அன்புள்ள அண்ணாச்சி,

சேக்ரட் ஹார்ப் என்ற பழைய அமெரிக்க ஞானப்பாட்டுப் புத்தகத்தையும், அதைப் பார்த்துக் கூடிப் பாடும் மரபையும் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபிறகு யூடியூபில் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது வீட்டில் எல்லாருக்கும் சலித்துவிட்டது, எனக்கு மட்டும் சலிக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் சபைக் கொயரில் சோப்ரானோ, அதாவது பெண்களின் உச்சக் குரல், பாடுகிறேன். டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதும் டானிக் சோல்ஃபா சரளமாக வரும், ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் தட்டுத்தடுமாறித்தான். அடுத்த கோடையில் அட்லாண்டாவில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டுக்குப் போகிறேன். அப்படியே பக்கத்து மாநிலம் அலபாமாவில் நடக்கும், இந்தப் பாட்டைச் சொல்லித்தரும் முகாமான கேம்ப் ஃபசோலாவுக்கும் போய்விட ஆசை. "ஞானப்பாட்டு படிக்க அமெரிக்காவுக்கா போகணும்?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

குரல் தேர்வு வைப்பார்களா? எத்தனை பாட்டு மனப்பாடம் பண்ண வேண்டும்? அங்கே மேடையில் பாட ஒரு தமிழ்க் கீர்த்தனை தயார் பண்ணட்டுமா? விசா நேர்காணலில் என்ன சொல்வது? சேலை கட்டிக்கொண்டு போகலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

குரல் தேர்வு கிடையாது. மேடையும் கிடையாது. இந்த இரண்டும் மனதில் பதிந்தால் பாதித் தயாரிப்பு முடிந்தது. பெஞ்சுகளைச் சதுரமாகப் போட்டு, டெனர், டிரெபிள், ஆல்டோ, பேஸ் என்று பக்கத்துக்கு ஒரு குரலாக உள்நோக்கி உட்காருவார்கள். நடுவில் ஓர் ஆள் நின்று பாட்டை நடத்துவார். கேட்பதற்கென்று யாரும் வருவதில்லை. வந்தவர் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்து உட்கார வைத்துவிடுவார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை. ஒத்திகையும் இல்லை, எதற்கு ஒத்திகை பார்ப்பது? உங்களைப் போன்ற கொயர் ஆட்களுக்கு இதுதான் கஷ்டமான இடம். நாம் எதைக் கற்றாலும் அது கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, கேரல் ரவுண்டுக்கு, போட்டிக்கு என்றே கற்றுப் பழகியவர்கள். அங்கே பாடுவதற்காகப் பாடுகிறார்கள். அதனால் கச்சேரிக்குத் தயாராவதுபோலத் தயாராகாதீர்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது எல்லாம்.

மனப்பாடம் வேண்டாம். எல்லாரும் புத்தகத்தைப் பார்த்தே பாடுவார்கள். 1844 இல் ஜார்ஜியாக்காரர்களான பி.எஃப். வைட்டும் ஈ.ஜே. கிங்கும் முதலில் வெளியிட்ட சேக்ரட் ஹார்ப் புத்தகம், திருத்தித் திருத்தி இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. பல காலம் 1991 பதிப்புதான் எல்லார் கையிலும் இருந்தது. 2025 இல் அடுத்த திருத்தம் வந்துவிட்டது. சில பாட்டுகள் போய்ப் புதியவை சேர்ந்திருக்கின்றன. கேம்பில் எது என்று எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது உங்களுக்குத் தலைவலி தரப்போகிற விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பாட்டானாலும் முதலில் ஸ்வரங்களைப் பாடிவிட்டுத்தான் வார்த்தைகளுக்குப் போவார்கள். அந்த ஸ்வரங்களுக்கு நான்கே பெயர்கள், நான்கே வடிவங்கள். ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி வைரம். 1801 இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளிவந்த ஒரு பாடப்புத்தகத்தில் தொடங்கிய முறை இது. மேஜர் ஸ்கேல் ஏறும்போது ஃபா, சோல், லா, ஃபா, சோல், லா, மி, மறுபடி ஃபா. அதாவது நமக்கு 'ச'வும் 'ம'வும் இரண்டுமே ஃபா. ரியும் பவும் சோல். கவும் தவும் லா. நிஷாதம் மட்டும் தனியாக மி. டானிக் சோல்ஃபாவில் மூன்றாவது ஸ்வரத்தை மி என்று சொல்லிச் சொல்லி ஊறிய நாக்கு உங்களுடையது. அது இங்கே ஏழாவது ஸ்வரமாகி நிற்கும்போது முதல் சில வாரம் எரிச்சல்தான் வரும். சோல்ஃபா தெரியாதவர்கள் உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அதைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

வழி ஒன்று சொல்கிறேன். முதலில் ராகம் இல்லாமல், தாளத்தோடு வடிவங்களை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். சமையல் நடக்கும்போதுகூட வாசிக்கலாம். முக்கோணத்தைக் கண்டால் யோசிக்காமல் ஃபா வர வேண்டும். அது வந்தபிறகு ராகத்தைச் சேருங்கள். தொடங்குவதற்கு 45 ஆம் பக்கத்தில் மேலே இருக்கும் 'நியூ பிரிட்டன்' நல்லது. உலகமே அமேசிங் கிரேஸ் என்று அறிந்த மெட்டு அது, ராகம் ஏற்கெனவே காதில் இருப்பதால் கண்ணுக்கும் நாக்குக்கும் மட்டுமே வேலை. அப்புறம் 59 ஆம் பக்கம், 'ஹோலி மன்னா'. கொஞ்சம் துணிச்சல் வந்ததும் 155, 'நார்த்ஃபீல்ட்'. அதில் பேஸ் முதலில் பாய, மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் விரட்டிக்கொண்டு வரும். உங்கள் முறை எப்போது என்று கணக்கு வைக்கப் பழகினால் போதும். ஒருமுறை தவறவிட்டால் கவலையில்லை, அடுத்த அடியில் ஏறிக்கொள்ளலாம். நான் பார்த்தவரையில் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்பவர்களைத்தான் அங்கே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

மைனர் பாட்டுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. புத்தகத்தில் இருப்பது ஏறக்குறைய நடபைரவி. ஆனால் பழைய பாடகர்கள் பலர் தைவதத்தைச் சற்று உயர்த்தி, கரகரப்பிரியாவின் பக்கம் தள்ளிப் பாடுவார்கள். அச்சில் அதற்கு ஒரு குறியும் இருக்காது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பிடிக்க வேண்டியதுதான்.

சுருதிப்பெட்டியைத் தேடாதீர்கள். ஒருவர் தன் தொண்டையிலிருந்தே சுருதி எடுத்துக் கொடுப்பார், கூட்டத்துக்கு எது வசதியோ அது. அச்சிட்ட கீயை, அதாவது புத்தகம் சொல்லும் சுருதியை, யாரும் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ச எங்கே வைத்தாலும் பாடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே ராகம் டெனரில் இருக்கிறது. டெனர் என்றால் ஆண்கள் என்பது நம் கொயர் பழக்கம். அங்கே பெண்களும் டெனரில் உட்கார்ந்து ஒரு ஸ்தாயி மேலே அதையே பாடுவார்கள். முதல் இரண்டு நாள் அங்கேயே உட்காருங்கள். பிறகு டிரெபிளுக்கு மாறலாம், சோப்ரானோக்காரர்களுக்கு அது பிடித்துப்போகும். ஆல்டோ பக்கம் போனால் ஒன்றிரண்டு ஸ்வரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க நேரும். பல பாட்டுகளுக்கு ஆல்டோவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்ததுதான்.

குரல் விஷயத்தில் நீங்கள் கற்றதைக் கொஞ்சம் மறக்க வேண்டியிருக்கும். மெல்லப் பாடுவது, பக்கத்துக் குரலோடு இழைவது, கடைசி ஸ்வரத்தை நடுங்க விடுவது எதுவும் வேண்டாம். நேராக, உரக்கப் பாட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அப்படிப் பாடினால் தொண்டை என்னாகும் என்று பயம் வரும். உரக்க என்றால் கழுத்து நரம்பு புடைக்க அல்ல. வயிற்றிலிருந்து வரட்டும், தண்ணீர் கையில் இருக்கட்டும், வலித்தால் ஒரு பாட்டைச் சும்மா கேளுங்கள்.

நடுவில் நின்று ஒரு பாட்டு நடத்த உங்களையும் அழைப்பார்கள். மறுக்காதீர்கள். எனக்கு அலபாமாவில் ஒரு மரப்பலகைத் தேவாலயத்தில் அது நடந்தது. நாற்புறமும் இருந்து சத்தம் வந்து மோதியதில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. டெனர் முன் பெஞ்சில் ஒரு விவசாயி, வெயிலில் கறுத்த கை, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தாளம் போட்டபடி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்தே முழுப் பாட்டையும் ஒப்பேற்றினேன். அதனால் வீட்டில் புத்தகத்தை இடது உள்ளங்கையில் விரித்து வைத்து, வலது கையை மேலும் கீழும் போட்டுப் பழகுங்கள். அகலவாட்டுப் புத்தகம், கனமும் உண்டு, கை வலிக்கும். இரண்டு அடித் தாளத்துக்குக் கீழே, மேலே. மூன்றடி என்றால் இரண்டு அடிக்குக் கீழேயே இருந்து மூன்றாவதில் மேலே.

கீர்த்தனை யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளிநாடு என்றாலே நம் கலையை மேடையேற்ற வேண்டும் என்ற அரிப்பு நமக்கு. ராத்திரி சாப்பிட்டபின் யாராவது கேட்டால் நம் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பாடல் ஒன்றைப் பாடுங்கள், நன்றாக இருக்கும். அதற்காகப் போகாதீர்கள்.

யூடியூபில் கோஸ்பல் என்று தேடினால் அங்கி போட்ட சிகாகோ கொயர்கள் வரும். அது தாமஸ் டார்சி 1930களில் வளர்த்தெடுத்த மரபு, மகத்தானது, ஆனால் வேறு. கறுப்பினத்தவருக்கும் நான்கு வடிவ மரபு உண்டு. 1934 இல் அலபாமாவின் ஓசார்க்கில் ஜட்ஜ் ஜாக்சன் என்பவர் தனிப் புத்தகமே வெளியிட்டார். ஜட்ஜ் அவர் பதவி இல்லை, பெயர்!

விசாவுக்கு பி-2 என்ற சுற்றுலா வகை போதும். சம்பளம் வாங்காமல் இசை நிகழ்வில் கலந்துகொள்ளும் அமெச்சூர்களை அந்த வகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். நேர்காணலில் உள்ளதைச் சொல்லுங்கள். தங்கை வீட்டுக்குப் போகிறேன், சில நாள் பாட்டு முகாம், காசு எதுவும் வாங்கவில்லை. ஊழியம் என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள். மத ஊழியர்களுக்கு வேறு வகை விசா இருக்கிறது, பேச்சு வீணாக அங்கே திரும்பிவிடும். சென்னையில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், இப்போதே விண்ணப்பியுங்கள்.

சேலை தாராளமாகக் கட்டலாம். கை தூக்கித் தாளம் போட ரவிக்கை இறுக்கமில்லாமல் இருந்தால் சரி. வெயிலும் புழுக்கமும் உங்களுக்குப் புதிதல்ல, உள்ளே ஏசி குளிருக்கு ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். முகாம் முடிந்தபின் அங்கங்கே சனி, ஞாயிறுகளில் நாள் முழுக்கப் பாட்டுக் கூடுகைகள் நடக்கும், ஒன்றுக்காவது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மத்தியானம் உங்கள் சபையின் அசன விருந்து மாதிரியே பெரிய பந்தி, ஆனால் ஒரே அடுப்பில் பொங்குவதில்லை, வீட்டுக்கொரு பதார்த்தம் வரும். வெறுங்கையோடு போகாமல் எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துப் போங்கள். தாளித்த மிளகாய்வற்றலை மட்டும் முன்கூட்டியே பொறுக்கிவிடுங்கள்.