சிறுவயதில் கடும் பனி பார்த்ததுண்டா? எங்கள் கித்தா (ரப்பர்) தோட்டத்துக் குளிர்காலம்

சின்ன வயதில் கடும் பனிப்பொழிவும் கிராமத்துக் குளிர்காலமும் அனுபவித்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பினாங்குக்காரன், இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியே கிடையாது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான். அதுவும் கேமரன் மலையில், 1978 பிப்ரவரியில். ஆனால் எங்களுக்கும் ஒரு குளிர்காலம் இருந்தது. தோட்டத்துத் துரைமார் அதற்கு 'விண்டரிங்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது எலை கொட்டுற காலம்.

நான் வளர்ந்தது செபராங் பிறையில், நிபோங் தெபால் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில். பொங்கல் முடிந்து தைப்பூசம் வருவதற்குள் இலைகள் பழுக்க ஆரம்பிக்கும். முதலில் மஞ்சள், பிறகு செங்கல் நிறம், பிறகு ஒரே காற்றில் மொத்தமும் தரையில். நடுப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் காடு சில நாளில் வெட்டவெளி ஆகிவிடும். அப்பா நான்கு நிரை தள்ளி நடந்தாலும் சரக் சரக்கென்று காதில் விழும். எங்களுக்கு அந்தச் சருகில் விழுந்து புரள்வதுதான் விளையாட்டு. உள்ளே பாம்பு இருக்கும் என்று அம்மா கத்துவார். இருந்ததும் உண்டு.

பெரியவர்களுக்கு அது பஞ்ச காலம். புது இலை விட்டு முடிக்கும்வரை மரம் தன் சத்தையெல்லாம் துளிருக்கே கொடுத்துவிடும், பால் சுண்டிப்போகும். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரப்பட்டையில் கோடு வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்று ஐந்து மணிக்கே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார் அப்பா. வெயில் ஏறினால் வெட்டிய கோட்டிலேயே உறைய ஆரம்பித்துவிடும். மற்ற மாதங்களில் இலை நிழலாவது இருக்கும், இப்போது அதுவும் இல்லை. பால் பிடிக்க மரத்தில் வைக்கும் மங்கு பாதிகூட நிறையாது. நிறுவையைப் பார்த்துச் சம்பளம் என்றால் வீட்டில் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கு, சம்பல், மறுநாளும் மரவள்ளிக்கிழங்கு. துளிர் விடும் நேரத்தில் ஈரம் கூடி சாம்பல் நோய் பிடித்தால் இன்னும் மோசம். பிஞ்சு இலை மறுபடி கொட்டும், மரம் முதலிலிருந்து தொடங்கும். தைப்பூசச் செலவும் சரியாக இதே சமயத்தில்தான் வந்து நிற்கும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

ஆக, பற்றுப் புத்தகம், அதாவது கடைக் கடன் கணக்கு. தோட்டத்துக்கு வெளியே இருந்த சீனர் கடையில் அந்தப் புத்தகங்கள் ஓர் ஆணியில் தொங்கும். பக்கத்து ஆணியில் காலண்டர். எனக்கு ஏழு வயது இருக்கும். அரிசிக்காக அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்ற நேரத்தில் நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை வரிசையாக மொட்டை மரங்கள், அப்படியே எங்கள் தோட்டம்தான். ஆனால் தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று ஏதோ கொட்டிக் கிடந்தது.

"அப்பா, இவ்ளோ பால் கீழ ஊத்திக் கெடக்கே, யாரும் மங்கு வைக்கலியா?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியும். அவர் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அரிசியும் வந்தது, கூட ஒரு மிட்டாயும் வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வழியில், "அது பனிடா. அந்த ஊர்ல மரம் வெட்டமாட்டாங்க"ன்னார். பிறகு கொஞ்சதூரம் பேசாமல் நடந்துவிட்டு, "அங்கயும் இந்த மாசத்துல கஷ்டந்தான் போல" என்றார். பனி என்றால் எனக்குத் தெரிந்தது புல்லில் காலை நனைக்கிற பனிதான். ஆகவே அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

இப்போது அங்கே கித்தா மரமே கிடையாது, எல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. செம்பனை ஆண்டு முழுக்க ஒரே பச்சை. எலை கொட்டுற காலம் என்று என் பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போயிருந்தோம், அசாஹிகாவா ஊருக்கு. 1902-இல் மைனஸ் 41 டிகிரி பதிவான இடம். நாங்கள் போனபோது அவ்வளவு இல்லை, ஆனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் பனியை உருட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். கித்தா பாலின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

"என்னங்க, பனியப் போயி மோந்து பாக்குறீங்க?" என்றார் மனைவி.

ஒரு வாடையும் இல்லை.