டயட்டில் இருக்கும்போது நல்ல கொழுப்புக்கு அவகேடோவும் ஆலிவ் ஆயிலும்தான் வாங்க வேண்டுமா?

எடை குறைக்க எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர்கள். இப்போது யாரோ "நல்ல கொழுப்பு வேண்டும்" என்கிறார்கள். அவகேடோ, வால்நட், ஆலிவ் ஆயில் எல்லாம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடவும் மனசு வரவில்லை. கேள்வி இதுதானே? கடையில் அவகேடோ விலையைக் கேட்டுவிட்டு நேராக வந்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் செக்கு ஓடுகிறது. குடியாத்தம் ரோட்டில், கே.வி.குப்பம் பக்கம். வீட்டுக்காரர் செக்கைப் பார்ப்பார், கல்லாவும் கணக்கும் என் பொறுப்பு. "எண்ணெய் விற்கிறவள் வேறென்ன சொல்வாள்" என்று கமெண்ட் வரும், வரட்டும். அவர்களுக்காக எங்கள் வியாபாரத்துக்கே நஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன்: மரச்செக்கு எண்ணெய் ஆனாலும், பாக்கெட் எண்ணெய் ஆனாலும், இத்தாலியிலிருந்து வந்த ஆலிவ் ஆயில் ஆனாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெய் குடித்தால் இடுப்பு இளைக்கும் என்று போர்டு மாட்டியிருக்கிற கடைகள் உண்டு. நாங்கள் மாட்டவில்லை.

ஆனால் எண்ணெயைச் சுத்தமாக நிறுத்துவது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. என் நாத்தனார் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள், கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். முகூர்த்தத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று போனில் ஒரு டயட் கோச்சுக்குப் பணம் கட்டினாள். அந்த அம்மா அனுப்பிய பட்டியலில் சால்மன் மீனும் அவகேடோவும் இருந்தன, அவை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, எண்ணெய் மட்டும் ஒரு சொட்டு கூடக் கூடாது என்று கீழே சிவப்பில் போட்டிருந்தது. "அண்ணி, எனக்குத் தாளிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடுங்க" என்பாள். தோசையைத் தட்டில் போட்டால் டிஷ்யூ பேப்பரை மேலே விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எண்ணெய் தெரிந்தால் திருப்பிப் போட்டு இன்னொரு தரம் அழுத்துவாள். இலவம்பாடி முள் கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், அதை வெறும் தண்ணீரில் வேகவைத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். அந்தக் காய்க்கு அதைவிட அவமானம் கிடையாது.

இளைத்தாள், இல்லை என்று சொல்லவில்லை. வேகமாகவே இளைத்தாள். முடி சீப்போடு வந்தது, வாசல் பெருக்கினாலே உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், பாவம், ஆசையாக பிரியாணி சாப்பிட்டாள். ராத்திரி வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரைக்கும் போய், விடியற்காலையில் வேலூருக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் பித்தப்பையில் கல்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாப்பாட்டில் கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குத் தள்ளும். கொழுப்பே வராவிட்டால் பித்தநீர் உள்ளேயே தேங்கும். அதோடு வேகமாக இளைக்கும்போது கல்லீரல் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் விடும், இரண்டும் சேர்ந்தால் கல் உருவாக வசதி. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இளைக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகமாம். "டயட்தான் காரணம்னு என்னால எழுதித் தர முடியாதும்மா, ஏற்கனவே சின்னதா இருந்திருக்கலாம்" என்றும் சொன்னார். அதையும் சேர்த்தே சொல்கிறேன், நாளைக்கு யாராவது வந்து நான் பயமுறுத்துகிறேன் என்று சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன், செய்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். கோச்சுக்கு மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் வந்தது.

நானும் இளைத்தவள்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 78 கிலோ, இப்போது 69. மெதுவாகத்தான் இறங்கியது. வீட்டுக்கு முன்னால் டின் டின்னாக எண்ணெய் நிற்கிற இடத்தில் இளைத்தேன், அதனால் கொஞ்சம் பெருமை பேச எனக்கு உரிமை உண்டு. செய்தது ஒன்றுதான், எண்ணெய்க் கேனைச் சமையலறையை விட்டே வெளியே அனுப்பினேன். மாசம் பிறந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, கடைக் கணக்கு நோட்டிலேயே பற்று எழுதிவிடுவேன். அதிலிருந்து எடுப்பது டீஸ்பூனால் மட்டும். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, 40 கலோரிக்குப் பக்கம். பெரிய டேபிள்ஸ்பூன் என்றால் 120. கேனைச் சாய்த்து வாணலியில் ஊற்றினால் இரண்டு டேபிள்ஸ்பூன் தெரியாமல் இறங்கிவிடும். "எண்ணெய்க்கடைக்காரி ஸ்பூன் வெச்சு அளக்கறா" என்று வீட்டுக்காரர் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

சரி, உங்கள் கணக்கு. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய் நெய் 27 கிராம், கொட்டை விதைகள் 35 கிராம் என்று இருக்கிறது. நீங்கள் ஒரு 1500 கலோரியில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மொத்தக் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றால் 50 கிராம் உச்சவரம்பு, நான் 40ஐ ஒட்டி நிற்பேன். மூன்று டீஸ்பூன் எண்ணெயில் 13, 14 கிராம். ஒரு முட்டையில் 5, எல்லாம் மஞ்சள் கருவில்தான், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பால் தயிரில் ஒரு 6. பருப்பு, அரிசி, கேழ்வரகு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பது மூன்று நான்கு. மிச்சத்துக்கு 25, 30 கிராம் மல்லாட்டை (வேர்க்கடலை), அதாவது ஒரு சின்ன கைப்பிடி, 15 கிராமுக்குள் கொழுப்பு, கூடவே 7 கிராம் புரதம். அவ்வளவுதான், அவகேடோவுக்கு இதில் இடமே இல்லை. அதில் இருக்கிற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு (நல்ல கொழுப்பில் ஒரு வகை)தானே பெரிய விஷயம் என்கிறார்கள், கடலை எண்ணெயிலும் கிட்டத்தட்டப் பாதி அதுதான். முடிந்தால் வறுத்த மல்லாட்டையைவிட ஓட்டோடு அவித்ததைச் சாப்பிடுங்கள். தண்ணீர் சேர்வதால் அதே எடைக்குக் கலோரி குறைவு, ஒவ்வொன்றாக உரித்துத் தின்பதற்குள் பசியும் அடங்கிவிடும்.

மல்லாட்டை என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். எங்கள் அப்பா வீட்டு நிலம் பேரணாம்பட்டுப் பக்கம் காட்டோரம். காய் பிடிக்கிற நேரம் பார்த்து காட்டுப்பன்றி இறங்கும். ஒரு ராத்திரியில் வரிசை வரிசையாக மூக்கால் உழுதுவிட்டுப் போகும், காலையில் போய்ப் பார்த்தால் கொடி ஒரு பக்கம், கடித்த ஓடு ஒரு பக்கம். வீட்டில் இருக்கிற பழைய புடவையெல்லாம் வரப்பைச் சுற்றிக் கட்டியாகிவிட்டது, சலூனிலிருந்து முடி வாங்கி வந்து தூவியாகிவிட்டது, அப்பா எழுபது வயசில் டார்ச்சும் பட்டாசுமாகப் பரண் மேல் படுக்கிறார். நஷ்டஈடு கேட்டுப் போனால் போட்டோ கொண்டு வா, சிட்டா கொண்டு வா, சார் கேம்ப் போயிருக்கிறார். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரை கிலோ மல்லாட்டைப் பருப்பு ஆட்ட வேண்டியிருக்கிறது, கடையில் வந்து "ஏன் இவ்ளோ வெலை" என்று கேட்பவர்களை ஒரு ராத்திரி அந்தப் பரணில் படுக்கவைக்க வேண்டும். சரி, விடுங்கள்.

கடலையிலும் நல்லெண்ணெயிலும் கிடைக்காதது ஒன்று, ஒமேகா 3 என்கிற இன்னொரு நல்ல கொழுப்பு. இரண்டிலும் அது இல்லாத மாதிரிதான். நம் ஊருக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது, வரும்போது மத்தி, கானாங்கெளுத்தி இருந்தால் வஞ்சிரத்தை விட்டுவிட்டு அதை வாங்குங்கள், விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சைவம் என்றால் ஆளி விதை. முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், லேசாக வறுத்துப் பொடித்து ஒரு ஸ்பூன் மோரிலோ இட்லிப் பொடியிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முருங்கைக்கீரை, கேரட் சமைக்கும்போதாவது அந்த ஒரு ஸ்பூன் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடு போனால்தான் உடம்பில் சேரும். நெய் ஒரு டீஸ்பூன் தப்பில்லை, ஆனால் அதையும் அந்த மூன்று டீஸ்பூனுக்குள் எண்ணுங்கள். ரேஷன் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதிகமானால் இதயத்துக்கு ஆகாத வகை, அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காயவைக்கிற பஜ்ஜிக் கடையைத்தான் நான் கும்பிட்டு விட்டுவிட்டேன். நாத்தனாரைப் போல ஏற்கனவே பித்தப்பையில் கல் இருக்கிறவர்கள் என் கணக்கைப் பார்க்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

பிரியாணியை விடச் சொல்ல நான் ஆம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு துணியமாட்டேன். கால் பிளேட் வாங்குங்கள், தயிர்ப் பச்சடியை நிறையப் போட்டுக்கொள்ளுங்கள், கூட வருகிற கத்திரிக்காயில் மேலே மிதக்கிற எண்ணெயை ஓரமாக வடித்துவிட்டுக் காயை மட்டும் எடுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் மல்லாட்டை கிடையாது.