ஷிபா இனு ஒரு ரூபாய் ஆகுமா?

கேள்வி: ஷிபா இனு என்ற கிரிப்டோ காயின் 20,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு காயின் விலை ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் இரண்டு கோடி காயின் கிடைத்தது. "பிட்காயின் ஒரு கோடிக்குப் போச்சு, இது ஒரு ரூபாய்க்குப் போகாதா? போனா உனக்கு ரெண்டு கோடி" என்கிறான் என் மச்சான். வீட்டு நகையை அடகு வைத்து இன்னும் 2 லட்சத்துக்கு வாங்கவும் சொல்கிறான். வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், அப்புறம் கணக்குப் போடலாம்.

மச்சான் விலையை மட்டும் பார்க்கிறார். மொத்தம் எத்தனை காயின் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. 2020 ஆகஸ்டில் ஷிபா இனுவை ஆரம்பித்தபோது உருவாக்கியதே ஆயிரம் லட்சம் கோடி காயின். அதில் ஒரு பகுதி அழிந்துபோய், இப்போது புழக்கத்தில் இருப்பது சுமார் 589 லட்சம் கோடி. இந்த எண்ணிக்கையை ஒரு காயினின் விலையால் பெருக்கினால் வருவதுதான் மார்க்கெட் கேப், அவ்வளவுதான் விஷயம். நீங்கள் வாங்கிய விலையில் பெருக்கினால் கிட்டத்தட்ட 59,000 கோடி ரூபாய் வருகிறது. மச்சான் சொல்லும் ஒரு ரூபாய்க்கு கால்குலேட்டரே வேண்டாம்: 589 லட்சம் கோடி ரூபாய்.

2024-25ல் இந்தியாவின் ஜிடிபியே சுமார் 330 லட்சம் கோடிதான். இத்தனை கோடி ஜனங்கள் ஒரு வருடம் முழுக்க விளைவித்தது, தயாரித்தது, ஓட்டியது, சமைத்து விற்றது எல்லாம் சேர்ந்தும் அவ்வளவுதான். சரி, இது உலகம் முழுக்க விற்கிற காயின் ஆயிற்றே என்றால், உலகக் கணக்கே பார்ப்போம். பிட்காயின், எதீரியம் என்று பூமியில் இருக்கிற அத்தனை கிரிப்டோவையும் ஒரே மூட்டையில் கட்டினாலும், 2025ல் உச்சத்தில் இருந்தபோதுகூட 4 லட்சம் கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி. ஷிபா ஒரு ரூபாய் ஆக வேண்டுமென்றால் அது ஒன்றுக்கு மட்டுமே ஆறு லட்சம் கோடி டாலருக்கு மேல் மதிப்பு வர வேண்டும்.

பிட்காயின் போனதே என்கிறார். பிட்காயின் 2.1 கோடிக்கு மேல் வரவே வராது, அதனால்தான் ஒன்றின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ரூபாய்க்குப் பைசா போல பிட்காயினின் மிகச் சிறிய துண்டுக்கு சடோஷி என்று பெயர், ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி. 2025ல் பிட்காயின் ஒரு கோடி ரூபாயைத் தொட்டபோது ஒரு சடோஷி 10 பைசா. யாரும் "சடோஷி வெறும் 10 பைசாதான், வாங்கிப் போடு" என்று உங்களிடம் வந்து சொல்லவில்லை, பாருங்கள். கையில் இரண்டு கோடி காயின் என்று ஆப் காட்டியதும் மனசு தானாகவே அதற்கு முன்னால் ரூபாய்க் குறியைப் போட்டுவிடுகிறது. குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

யூடியூபில் சிலர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: மார்க்கெட் கேப் என்பது உள்ளே வந்த பணம் இல்லை, அதனால் 589 லட்சம் கோடி வந்து சேர வேண்டிய அவசியமில்லை என்பார்கள். பாதி உண்மை. உங்கள் தெருவில் 100 மனை இருக்கிறது, கடைசியாக ஒன்று 30 லட்சத்துக்குப் போனது என்று வையுங்கள், தெருவின் மதிப்பு 30 கோடி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கைமாறிய பணம் 30 லட்சம்தான். பத்துப் பேர் ஒரே மாதத்தில் விற்கக் கிளம்பினால் அதே விலை கிடைக்குமா? ஷிபா ஒரு ரூபாயில் நிற்கும்போது, வைத்திருப்பதில் 100ல் ஒரு பங்கை மட்டும் விற்க வந்தாலே 5.89 லட்சம் கோடி ரூபாய்க்கு ஆள் வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் நம் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி. நீங்களும் மச்சானும் விற்பதற்குள் நமக்கு முன்னால் எத்தனை பேர் விற்றிருப்பார்கள்?

அடுத்து "பர்ன்" கதை வரும். காயினை எரித்து எண்ணிக்கையைக் குறைத்தால் விலை ஏறுமாம். பெரிதாக எரிந்தது ஒரே ஒரு முறைதான். எதீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பூட்டெரின் கேட்காமலேயே மொத்த ஷிபா காயினில் பாதியை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். 2021 மே மாதம் அவர் அதில் சுமார் 50 லட்சம் கோடி காயினை இந்தியாவுக்கான ஒரு கோவிட் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டு, சுமார் 410 லட்சம் கோடியை அழித்தார். அதற்கப்புறம் எல்லோரும் சேர்ந்து எரித்தது அதன் பக்கத்தில்கூட வராது. நீங்கள் வாங்கியபோது இருந்த மார்க்கெட் கேப் அப்படியே இருந்து, விலை மட்டும் ஒரு ரூபாய் ஆக வேண்டுமென்றால் ஆயிரத்தில் 999 காயினை எரிக்க வேண்டும். யாருடைய காயினை? எல்லோரும் நியாயமாக அவரவர் பங்கை எரித்தால் உங்களிடம் மிஞ்சுவது 20,000 காயின், ஒன்று ஒரு ரூபாய். போட்ட அதே 20,000!

அப்படியானால் எதுதான் நடக்கக்கூடிய விலை? ஏற்கெனவே போன உச்சத்தைப் பாருங்கள். 2021 அக்டோபர் கடைசியில், ஊரெல்லாம் கிரிப்டோ பைத்தியம் பிடித்துத் திரிந்தபோது, ஷிபா தொட்டது சுமார் 0.000088 டாலர், அன்றைய கணக்கில் ஒரு பைசாவில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பைத்தியம் திரும்ப வந்தால் உங்கள் 20,000 ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆகலாம். வராமலும் போகலாம், இத்தனை வருடமாக வரவில்லை. அப்படியே வந்து லாபத்தில் விற்றாலும் 30 சதவீதம் வரி, இன்னொரு காயினில் விட்ட நஷ்டத்தை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

கையில் இருப்பதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. 20,000 போனால் போகட்டும் என்று தூங்க முடிந்தால் வைத்திருங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள். நகைமேல் கடன் வாங்கினால் காயின் ஏறினாலும் இறங்கினாலும் வட்டி மாதாமாதம் ஓடும், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். அப்புறம் ஒன்று, மச்சான் எத்தனை காயின் வாங்கியிருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் காணோமே?