தோட்டா மறுநிரப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உரிமம் பெற்று இலக்குச் சுடுதலில் ஈடுபட்டிருக்கிறேன். சுட்ட பித்தளைக் கூடுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. வீட்டில் மறுபடி நிரப்ப என்னென்ன கருவிகள் வேண்டும்? கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வந்து விழும் பிரஸ்ஸையே வாங்கிவிடலாமா?

பதில்: கருவிக்கு முன் சட்டத்தைப் பாருங்கள். துப்பாக்கி உரிமம் இருந்தாலே தோட்டா நிரப்பலாம் என்று எல்லா நாட்டிலும் இல்லை. வீட்டில் எவ்வளவு பவுடர், எத்தனை பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கலாம் என்பதற்கும் பல இடங்களில் வரம்பு உண்டு.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: கூடு, பிரைமர், பவுடர், குண்டு. திரும்பப் பயன்படுவது கூடு மட்டுமே. நீங்கள் சொல்லும் பிரஸ்ஸில் ஒரே இழுப்பில் நாலைந்து வேலைகள் ஒன்றாக நடக்கும். ஒரு கூட்டில் பவுடர் விழாமல் போனாலும் புதியவர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சாதாரண பிரஸ்தான் தொடக்கத்துக்கு ஏற்றது. 50 கூடுகளுக்கும் ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவீர்கள். ஒவ்வொரு கூடும் பலமுறை கைக்கு வரும், கண்ணுக்கும் வரும்.

அதோடு உங்கள் காலிபருக்கான (தோட்டா அளவுக்கான) டை செட், அதாவது கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கவும் குண்டை அமர்த்தவும் பிரஸ்ஸில் மாட்டும் அச்சுகள்; கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், 0.1 கிரெயின் வரை காட்டும் தராசு, அதைச் சோதிக்க எடைக்கல், 0.01 மி.மீ. காட்டும் காலிப்பர், கூட்டின் நீளத்தைக் குறைக்கும் டிரிம்மர், வாய் விளிம்பைச் சீவும் கருவி, 50 குழிகள் உள்ள பலகை, தவறாக அமர்ந்த குண்டைப் பிடுங்கும் கருவி, கண்ணைக் காக்கும் கண்ணாடி. 1 கிரெயின் 0.0648 கிராம். அதாவது 0.1 கிரெயின் என்பது ஆறரை மில்லிகிராம். மின்விசிறிக் காற்றே தராசை ஏமாற்றிவிடும்.

கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, அதை நிரப்பலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான். பழைய பிரைமரை வெளியே தள்ளும் டையின் ஊசி அதில் உடையும், ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: ரைஃபிள் கூடு சைஸிங் டைக்குள் (கூட்டைச் சுருக்கும் அச்சுக்குள்) சிக்கி வரவே மாட்டேன் என்கிறது. சிக்காமல் வந்த சிலவற்றில் தோள்பட்டையில் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில்) பள்ளம் விழுந்திருக்கிறது.

பதில்: முதலாவது எண்ணெய் போதாததால், இரண்டாவது எண்ணெய் கூடியதால். கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டின் உடலில் சைஸிங் எண்ணெயை விரலால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். தோள்பட்டையில் வேண்டாம், அங்கே தேங்கும் எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் பித்தளையை உள்ளே அமுக்கிவிடும். கழுத்தின் உட்புறம் துளி போதும். வேலை முடிந்ததும் முழுக்கத் துடைத்துவிடுங்கள். வழவழப்பான கூடு சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) சுவரைப் பற்றாது, சுடும்போது அதைப் பின்னால் அடைக்கும் போல்ட்டின் மேல் விசை கூடும்.

சிக்கிய கூட்டை அடிக்காதீர்கள், விளிம்பு பிய்ந்துவிடும். பிரைமர் வெளியேறிவிட்டதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, அடியில் துளையிட்டு மரை வெட்டி, மரையாணி மாட்டி இழுக்க வேண்டும். இதற்கென்றே தனிக் கருவி கிடைக்கிறது.

கேள்வி: ஒரு கூட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பதில்: எண்ணிக்கை சொல்ல முடியாது, கூடே சொல்லும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் அங்கே சுவர் மெலிகிறது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டின் காலம் முடிந்தது. அடுத்த முறை சுட்டால் இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு பின்னால் பாயலாம். டையை அளவுக்கு மீறி இறக்கித் தோள்பட்டையை அதிகம் பின்தள்ளுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். போல்ட் ரைஃபிளுக்கு 0.025 முதல் 0.05 மி.மீ. தள்ளினால் போதும்.

கழுத்தில் விரிசல் வந்ததையும், பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி அமர்வதையும் கழித்துவிடுங்கள். அமோனியா கலந்த பாலிஷ் பித்தளையையே நொறுங்க வைக்கும், தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு முறை சைஸ் செய்த பிறகும் நீளம் பாருங்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ.; அதைத் தாண்டினால் 50.93 வரை வெட்டுங்கள். நீண்ட கூட்டின் வாய் சேம்பர் முனையில் நெரிபட்டுக் குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறிவிடும்.

கேள்வி: .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவுக்கு நண்பர் ஒருவர் தன் பவுடர் அளவைச் சொன்னார். போட்டுப் பார்த்தால் கூடு பாதிகூட நிறையவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. நண்பரின் அளவும் கூடாது. .38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது. கரும்பவுடரின் காலத்து இடவசதி அந்தக் கூட்டில் அப்படியே இருக்கிறது. இன்றைய புகையில்லாப் பவுடர் அதில் சிறு பகுதியைத்தான் அடைக்கும். அதனால்தான் இரட்டை அளவு விழுந்தாலும் பொங்கி வழியாது, குண்டு ஒழுங்காகவே அமரும். சுடும்போது ரிவால்வரே வெடிக்கலாம். எங்கள் பார்வையில் வீட்டு மறுநிரப்பின் முதல் எதிரி இதுதான்.

பவுடர் தயாரிப்பாளரோ குண்டுத் தயாரிப்பாளரோ வெளியிட்ட அட்டவணையில் உங்கள் குண்டின் எடை, அதே பவுடர், அதே பிரைமர் உள்ள வரியை எடுங்கள். தொடக்க அளவு கொடுத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். உச்ச அளவு மட்டும் இருந்தால் 10 சதவீதம் குறைத்து. ஆனால் H110 போன்ற சில பவுடர்களை அட்டவணைக்குக் கீழே குறைக்கவே கூடாது. பெயர் ஒற்றுமையை நம்பாதீர்கள்: IMR 4350, H4350 இரண்டும் வேறு வேறு பவுடர்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. காலிக் கூடுகள் பலகையில் தலைகீழாக இருக்கட்டும்; பவுடர் போட்டதை மட்டும் நிமிர்த்துங்கள். 50-ம் முடிந்ததும் குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் மட்டம் பாருங்கள். காலியாக ஒன்று தப்பினாலும் ஆபத்துதான். பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும், அடுத்த குண்டு அதன்மேல் மோதும். சுடும்போது சத்தம் மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலைப் பாருங்கள்.

குண்டை அட்டவணையில் உள்ள மொத்த நீளத்துக்கே அமர்த்துங்கள். 9 மி.மீ. போன்ற சிறு தோட்டாவில் குண்டு சற்று உள்ளே போனாலும் அழுத்தம் வெகுவாக ஏறும். தட்டையான பிரைமர், போல்ட் இறுக்கம் தெரிந்தால் எல்லை ஏற்கெனவே தாண்டியாயிற்று; அந்தத் தொகுதியை முழுவதும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: பிரைமர்களைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒன்று வெடித்தால் குவியல் முழுவதும் வெடிக்கும். தயாரிப்பாளர் அவற்றைத் தனித்தனிக் குழிகளில் வைத்து அனுப்புவது இதற்காகவே, அதிலேயே இருக்கட்டும். அமர்த்தும்போது கூட்டின் அடிமட்டத்துக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. உள்ளே போக வேண்டும், விரலால் தடவினால் தெரியும். துருத்தி நின்றால் தானியங்கித் துப்பாக்கியில் போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். சுட்ட பிரைமரின் கசடில் ஈயம் உண்டு. கூடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் தூசி குழந்தைகள் இருக்கும் அறைக்கு வரக்கூடாது. அந்த மேசையில் எதையும் சாப்பிடாதீர்கள், எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.